765-ஆம் எண் கிளிப்

1

இங்கே லெஸ்டர் நகரத்தில், வாத்துகள் நீந்தும் பூங்காக் குளம் ஒன்றின் கரையில் ஒரு மரப்பலகை இருக்கிறது. பலகையில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு மரக் கிளிப். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மாட்டுவோமே, அதே கிளிப்தான். நீலச் சாயம் பூசி, கறுப்பு மையில் எண் எழுதியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் பதினோரு பேர் அவரவர் போர்க்கப்பலைத் தூக்கிக்கொண்டு அங்கே கூடுவோம். எல்லாம் ரிமோட்டில் ஓடும் மாதிரிக் கப்பல்கள். நிஜக் கப்பலின் வரைபடத்தைப் பார்த்து, அளவு பிசகாமல் சுருக்கி, ஏணிப்படி முதல் நங்கூரச் சங்கிலி வரை கையால் செய்தவை. ஒரு கப்பலுக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். என்னைத் தவிர மற்றவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். நான் ஐம்பத்தேழில் இருக்கிறேன், அதனால் அங்கே என்னைப் ‘பையா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கிளிப்புக்கு வருகிறேன். எங்களில் பாதிப் பேரிடம் இருப்பது பழைய காலத்து ரிமோட். ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசை எண் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு ரிமோட்டுகள் ஒரே நேரத்தில் பேசினால் கப்பல் தறிகெட்டு ஓடும். ஆகவே ஓர் எண்ணுக்கு ஒரே ஒரு கிளிப். அதை ஆணியிலிருந்து எடுத்துச் சட்டையில் மாட்டிய பிறகுதான் ரிமோட்டை முடுக்கலாம். ஆணி காலியாக இருந்தால் வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

நான்கு மாதமாக 765-ஆம் ஆணி, என் எண்ணுக்கான ஆணி, காலியாக இருக்கிறது. கிளிப் மயிலாப்பூரில், என் அம்மாவிடம் இருக்கிறது. போன ஞாயிறு சங்கக் கூட்டத்தில் இதுபற்றி விசாரணையே நடந்தது. இங்கிலீஷில் சொல்லி முடித்த பிறகு, இதை நம் பாஷையில் ஒருமுறை முழுசாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

2

அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. அப்பா போன பிறகு மயிலாப்பூரில் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருட ஆரம்பத்தில் குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரிக்கும் சமயத்தில் நான் ஆறு வார விடுப்பில் கிளம்பினேன்.

கிளம்பும்போதே முடிவோடுதான் கிளம்பினேன். ஊருக்கு வெளியே, தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு முதியோர் குடியிருப்பு. நர்ஸ், ஆம்புலன்ஸ், கைப்பிடி வைத்த குளியலறை, காலையில் யோகா எல்லாம் உண்டு. வீடியோவிலேயே சுற்றிப் பார்த்து ஒரு வீட்டுக்குப் பெயரும் பதிந்துவிட்டேன். அம்மாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

கூடவே என் கப்பலையும் எடுத்துப் போனேன். குழந்தைக்கு ஊசி போட அழைத்துப் போகும்போது கையில் ஒரு பொம்மையைக் கொடுப்போமில்லையா, அந்த மாதிரி ஒரு கணக்கு. இப்போது சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

முக்கால் மீட்டர் நீளக் கப்பலுக்கென்று ஒரு மரப்பெட்டி செய்திருந்தேன். சென்னை விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“வீணையா சார்?”

“இல்லீங்க, போர்க்கப்பல்.”

விமான நிலையத்தில் சொல்லக்கூடாத சொல் அது என்பது வாயை விட்ட பிறகுதான் உறைத்தது. பெட்டியைத் திறந்தார்கள். நாலு பேர் கூடிவிட்டார்கள்.

“ட்ரோன் எதுவும் இல்லியே?”

“தண்ணில மட்டும்தான் ஓடும்.”

“பீரங்கி சுடுமா?”

“சுடாது.”

“அப்புறம் எதுக்கு சார் போர்க்கப்பல்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பீரங்கியை ஒரு விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தார். அது திரும்பியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். போகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பாக்கெட்டில் கிளிப் இருந்தது தெரிந்தது. முந்தைய ஞாயிறு குளத்தில் ஓட்டிவிட்டு ஆணியில் திரும்ப மாட்ட மறந்திருக்கிறேன். இருபது வருடத்தில் ஒருமுறைகூடச் செய்யாத தப்பு. நான் மேஜைமேல் வைத்ததை அம்மா எடுத்துப் பார்த்தார். “நல்ல ஸ்பிரிங்கா இருக்கே. இங்க வாங்கறதெல்லாம் ரெண்டு நாள்ல பல்லை இளிச்சிடுது” என்று சொல்லி, பிரித்து வைத்திருந்த ரவைப் பொட்டலத்தின் வாயில் மாட்டிவிட்டார்.

3

எனக்கு ஏன் இந்தக் கப்பல் பைத்தியம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். லெஸ்டரில் என் வேலை லிஃப்ட் பராமரிப்பு. ஆஸ்பத்திரிகளிலும் அலுவலகங்களிலும் இருட்டுக் கூண்டுக்குள் தலையை விட்டுக் கம்பி இழுப்பவன். மேலும் கீழும் மட்டுமே போகும் சாமான்களோடு வாரம் முழுக்க மல்லுக்கட்டுகிறவனுக்கு, ஞாயிறன்று இடமும் வலமும் போகும் ஒன்று தேவைப்பட்டது என்று வேடிக்கையாகச் சொல்லிவைப்பேன்.

ஆனால் நிஜமான காரணம் ஒன்று உண்டு. ஏழு வயதில் ஒரு சாயங்காலம் மெரினாவில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூரத்தில், கடலும் வானமும் கலங்கிக் கிடந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கப்பல். முன்பக்கம் சாய்வாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய குழாய். பீரங்கி! அது மெதுவாக உயர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ந்தது. நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அது எந்தக் கப்பல் என்பதுதான் என் வாழ்நாள் கேள்வி. இங்கிலாந்து வந்து முதல் குளிர்காலத்தில், பேச ஆள் இல்லாத ஒரு ஞாயிறன்று பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது இந்தக் கிழவர்களின் கப்பல்களைப் பார்த்தேன். அந்தச் சாம்பல் கப்பல் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. அப்போதிருந்து தேடாத இடமில்லை. அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். பழைய கடற்படைப் படங்களின் நிழலுருவங்களை வெட்டி ஒட்டி ஒரு நோட்டே வைத்திருக்கிறேன். கடைசியில், அந்தக் காலத்து ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, இரண்டரை வருடம் உட்கார்ந்து அதைச் செய்து முடித்தேன். பீரங்கி உயரும், தாழும். அதற்கென்று தனியாகக் குட்டி மோட்டார் வைத்திருக்கிறேன்.

4

அம்மா ஏன் விழுந்தார் என்பதைக் கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. லிஃப்ட் நின்றால் ஏன் நின்றது என்று எழுதிக் கொடுத்தே பழகியவன். குளியலறை வாசலில் ரசமட்டம் வைத்துச் சரிவைப் பார்த்தேன். ஈரத் தரையில் செருப்பைத் தள்ளி எவ்வளவு தூரம் வழுக்குகிறது என்று அளந்தேன். பல்பின் வெளிச்சம் போதுமா என்று பார்த்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே இதையெல்லாம் வேடிக்கை பார்த்தார்.

“வழுக்கி விழலடா, தலை சுத்திச்சு.”

“ஏன் சுத்திச்சு?”

“அது தெரிஞ்சா நான் டாக்டர் ஆயிருப்பேனே.”

தங்கை சுமதி அடையாறில் இருக்கிறாள். கல்லூரி விரிவுரையாளர். தினமும் காலை எட்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் பண்ணுவாள், சாயங்காலம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துவிடுவாள். அவளுக்கும் ஒரு முடிவு இருந்தது. அம்மா தன்னோடு அடையாறுக்கு வந்துவிட வேண்டும். நான் சொன்ன குடியிருப்பைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே, “நீ வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பாப்பே அண்ணா, நான்தான் டோல்கேட்ல நிக்கணும்” என்பாள். நானும் விடவில்லை. லெஸ்டரில் காலை ஆறுக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், அதாவது சென்னையில் பத்தரைக்கு, குளிர்காலமானால் பதினொன்றரைக்கு, தவறாமல் வீடியோவில் வருகிறவன் நான். அம்மாவுக்கு வீடியோ வழியாகப் பார்க்கும் டாக்டர் ஒருவரைக்கூடப் போன வருடம் ஏற்பாடு செய்திருந்தேன். சுமதியிடம் சொல்லவில்லை. சொன்னால், தான் காட்டும் டாக்டரை நம்பவில்லையா என்று கோபித்துக்கொள்வாள்.

இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். அம்மா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டினார். இரண்டு பேரும் அம்மா என் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டோம்.

என் மகள் நிலா பிரிஸ்டலில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதில் குளக்கரையில் கிளிப்பை அவள் ஃபிராக்கில்தான் மாட்டுவேன். இப்போது நான் பத்து வரி எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாள். அன்று அதிசயமாகப் போன் பண்ணினாள். “அப்பா, பாட்டியை எங்கே வைக்கப் போறீங்க?”

“சாமானைத்தாம்மா வைப்போம். மனுஷங்களை இருக்க வைக்கறதுன்னு சொல்லணும்” என்று திருத்தினேன்.

“ஓகே. பாட்டிகிட்ட கேட்டாச்சா?”

“உனக்கு அதெல்லாம் புரியாதும்மா” என்று சொல்லிவிட்டேன். தமிழைத் திருத்திய திருப்தி எனக்கு.

5

விமானத்தில் எடை அதிகமாகும் என்று கப்பலின் அடிவயிற்றில் வைக்கும் ஈயத்தை லெஸ்டரிலேயே கழற்றி வைத்துவிட்டேன். ஈயம் இல்லாமல் மாதிரிக் கப்பல் நிமிர்ந்து நிற்காது, தண்ணீரில் இறக்கியதும் குடை சாய்ந்துவிடும். ஈயம் எங்கே கிடைக்கும் என்று கேட்டபோது, “நம்ம மிக்ஸி பாய்கிட்ட கேளு” என்றார் அம்மா.

மிக்ஸி பாய் என்றது நாசர் பாயை. இரண்டு தெரு தள்ளி மோட்டார் காயில் கட்டும் கடை. நான் படத்தைக் காட்டி ஈயம் என்று வாயெடுத்ததும் மனிதர் எழுந்துவிட்டார்.

“இன்னா சார் சொல்றே, நெசமாவே கப்பலா? ரிமோட்டா?” என்று கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இழுத்துப் போனார். அங்கே அலமாரியின் மேல், பழைய பிளாஸ்டிக் உறையை நீக்கினால், ஒரு ஏவுகணைப் படகு! விளம்பரப் பலகை செய்யும் வெள்ளை ஷீட்டை வெட்டி ஒட்டியது. பழைய பிரிண்டரிலிருந்து எடுத்த மோட்டார். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில், யாரோ வெளிநாட்டிலிருந்து திரும்பியவரின் பெட்டியிலிருந்து வாங்கிய பழைய ரிமோட். முன்பக்கம் அழகாக ‘மும்தாஜ்’ என்று எழுதியிருந்தது.

“சம்சாரம் பேரு. அதான் ஒண்ணும் சொல்லாம வுட்டுக்கீது” என்றார். “பதினாலு வருஷமா இத்த பண்ணிக்கினு கீறேன். பேச ஒரு ஆளு இல்ல சார். எல்லாரும் பொம்மைன்றான்.”

 நான் பேச ஆள் தேடி ஐயாயிரம் மைல் போனவன். மனிதர் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்திருக்கிறார்.

ஈயத்துக்கு அவரே வழி சொன்னார். டயர் கடையில் சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டுவார்களே, அந்தச் சின்ன ஈயக் கட்டிகளை ஒரு டப்பா நிறைய வாங்கி வந்தார். தி.நகரில் குழந்தைகளுக்கான காற்றடைக்கும் நீச்சல் தொட்டி ஒன்றை வாங்கி மொட்டை மாடியில் வைத்து நிரப்பினோம். அம்மா ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி மேலே வந்தார். கப்பலை இறக்கினேன். மிதந்தது. பெருமையாகத் திரும்பினேன்.

“முன்னாடி டிராஃப்ட் ஜாஸ்தியா இருக்கே” என்றார் அம்மா.

நான் அசந்துவிட்டேன். கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் முங்கியிருக்கிறது என்பதைத்தான் டிராஃப்ட் என்பார்கள். நன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒரு நூலளவு முன்பக்கம் முங்கித்தான் இருந்தது.

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“முப்பத்தோரு வருஷம் தினம் காலையில அதைத்தானேடா டைப் அடிச்சேன். கப்பல் பேரு, கொடி, முன் டிராஃப்ட், பின் டிராஃப்ட், எந்த பெர்த்துல கட்டியிருக்கு. துறைமுகத்துல நிக்கற ஒவ்வொண்ணும் என் லிஸ்ட்ல வந்துதான் ஆகணும்.”

நாசர் பாய் கையிலிருந்த ஈயக் கட்டியை நழுவவிட்டார். நான் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு மெதுவாக, அந்த மெரினா சாயங்காலத்தைச் சொன்னேன். சாம்பல் கப்பல், உயர்ந்த பீரங்கி, என் காதுகள்.

அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. “ஆமாம், காதைப் பொத்திக்கிட்டு நின்னே. எதுக்குன்னு எனக்கு அப்பப் புரியலை. அது போர்க்கப்பல் இல்லடா. தூர்வார்ற கப்பல். துறைமுக வாயில மண் சேந்துடுச்சுன்னு வரவழைச்சிருந்தாங்க. சேறு உறிஞ்சற குழாய் அது. மூணு வாரம் என் லிஸ்ட்ல இருந்துது.”

நாசர் பாய் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மாடி மூலையிலிருந்த தண்ணீர் டாங்க் பக்கம் போய்விட்டார்.

“இத்தனை வருஷமா ஏம்மா சொல்லலை?”

“நீ எங்க கேட்டே? மியூசியத்துக்கெல்லாம் எழுதினேன்னு சொன்னே. என்னமோ பெரிய விஷயம்னு நெனச்சுக்கிட்டேன்.”

6

கப்பலை ஓட்டப் பெரிய தண்ணீர் வேண்டும். பெசன்ட் நகர் கடலில் விட்டால் முதல் அலையே விழுங்கிவிடும். கோயில் குளத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. சுமதியின் அடுக்குமாடியில் நீச்சல் குளம் உண்டு. அதற்கு அங்கே குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டும்.

செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. விருந்தினர் நீந்துவதற்கான படிவம் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. அதையே நிரப்பச் சொன்னார், இரண்டு பிரதி. நீந்துபவரின் வயது: இரண்டரை. தோல் வியாதி உண்டா: இல்லை, பெயின்ட் காய்ந்துவிட்டது. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்: நான். அவர் கண்ணாடியை இறக்கி எல்லாவற்றையும் படித்து, “நீச்சல் உடை கட்டாயம்னு ரூல் இருக்கு. அதை மட்டும் இந்த ஒரு தடவை தளர்த்தறேன்” என்று கையெழுத்துப் போட்டார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மாலை மூன்றிலிருந்து நாலு மணி வரை. அம்மாவைக் குளக்கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். சுமதி கல்லூரிக்கு அரைநாள் லீவு போட்டிருந்தாள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்து விஷயத்தைப் பேசிவிடுவது என்று நான் மனத்துக்குள் வைத்திருந்தேன்.

முதலில் நாசர் பாயின் மும்தாஜ் இறங்கினாள். என்ன ஒரு ஓட்டம்! குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, திரும்பும் இடத்தில் சாய்ந்து, நுரை தள்ளிக்கொண்டு வந்தாள். செயலாளரே கை தட்டினார். பிறகு நான் என் ஃபிரிகேட்டை இறக்கி, ரிமோட்டை முடுக்கினேன்.

மும்தாஜ் சட்டென்று இடதுபக்கம் திரும்பினாள். நாசர் பாய் வலது பக்கம் திருப்பினார். என் கப்பல் வலது பக்கம் திரும்பியது. நான் நிறுத்தினேன். அவர் கப்பல் ஒரு விநாடி நின்று, மறுபடி முழு வேகத்தில் பாய்ந்தது. “இன்னா சார் இது, பேய் புடிச்சிக்கிச்சா?” என்று கத்தினார். இரண்டு பேரும் பயத்தில் இன்னும் அழுத்தி அழுத்தித் திருப்பினோம். என் பீரங்கி தானாக உயர்ந்து தாழ்ந்தது. மும்தாஜ் நேராக வந்து என் கப்பலின் நடுவில் மோதினாள். என் கொடிமரமும் ராடாரும் முறிந்து தண்ணீரில் விழுந்தன.

எண்! ஓடிப்போய் அவர் ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தேன். 765.

“நம்பரா? நான் ஒருத்தன்தானே சார் இந்த ஊர்ல. எனக்கு இன்னாத்துக்கு நம்பரு?” என்றார் பாவமாக.

அவர்மேல் தப்பே இல்லை. இருபது வருடம் கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் ரிமோட்டைத் தொடாதவன் நான். இங்கே பலகையும் இல்லை ஆணியும் இல்லை, கிளிப் ரவைப் பொட்டலத்தில் இருந்தது. ஊருக்கு வந்தால் எல்லாம் தன் கையில்தான் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

“என்னடா ஆச்சு?” என்றார் அம்மா.

“ஒரே சேனல்ல ரெண்டு பேர் ஓட்டிட்டோம்மா. கப்பலுக்கு யார் சொல்றாங்கன்னு தெரியாது. ரெண்டு பேர் சொல்றதையும் கேக்கும். அதான் முட்டிக்கிச்சு.”

அம்மா முட்டிக்கொண்டு நின்ற இரண்டு கப்பல்களையும் பார்த்தார். “அப்போ என் மாத்திரையும் அப்படித்தானோ?”

“எந்த மாத்திரை?” என்று நானும் சுமதியும் சேர்ந்து கேட்டோம்.

“விழறதுக்கு முன்னாடி போட்டுக்கிட்டிருந்த பிரஷர் மாத்திரை. எட்டு மணிக்கு சுமதி போன்ல கேப்பா, போடுவேன். பத்தரைக்கு நீ வீடியோல வந்து, என் கண்ணு முன்னாடி போடும்மான்னு சொல்வே, அதையும் போடுவேன். அவ டாக்டர் குடுத்தது வெள்ளை, உன் டாக்டர் குடுத்தது ரோஸ். பேரும் வேற வேற.”

சுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “உன் டாக்டரா? எந்த டாக்டர்?”

நான் முறிந்த ராடாரைத் தண்ணீரிலிருந்து எடுக்கக் குனிந்தேன்.

“ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்” என்றார் அம்மா.

7

அம்மா எதையும் தூக்கிப்போட மாட்டார். விழுந்த பிறகு ஆஸ்பத்திரியில் புது மாத்திரை எழுதிக் கொடுத்து, பழையதை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். பழையது என்று அவர்களுக்குத் தெரிந்தது சுமதி சொன்னது மட்டும்தான். மிச்சமிருந்த அட்டைகளை அம்மா இரண்டு கவர்களில் போட்டு, ஒன்றில் ‘சுமதி’, மற்றொன்றில் ‘சேகர்’ என்று எழுதி மேஜை டிராயரில் வைத்திருந்தார். சேகர் நான்தான்.

கப்பலுக்கு வண்ணம் தீட்டும் பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டு அட்டைகளையும் பார்த்தேன். பெரிய எழுத்தில் வேறு வேறு கம்பெனிப் பெயர். அடியில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர், இரண்டிலும் ஒன்றேதான். அளவும் ஒன்றே. அம்மா எட்டு மாதம் தினமும் இரட்டைப் பங்கு சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் டாக்டரிடம் காட்டினோம். “அதனாலகூட தலை சுத்தியிருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது” என்றார் அவர். எனக்கு அதற்கு மேல் நிச்சயம் தேவைப்படவில்லை. குளியலறை வாசலில் ரசமட்டம் வைத்து மண்டியிட்டுக் கிடந்தது ஞாபகம் வந்தது. சுமதி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழுதாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

டாக்டர் வீட்டிலிருந்து வந்து மூன்று பேரும் சமையலறையில் நின்றோம். அம்மா உப்புமாவுக்கு ரவையை எடுத்தார். குடியிருப்பின் படிவம் என் பையில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. நிலா கேட்டதைத்தான் கேட்டேன்.

“அம்மா, நீ எங்க இருக்கணும்னு ஆசைப்படறே?”

அம்மா ரவைப் பொட்டலத்தை மேடையில் வைத்தார். உடனே பதில் வந்தது. யோசித்து வைத்திருந்த பதில்.

“இந்தக் கட்டடத்துலதான். ஆனா மாடிப்படி முடியலை. கீழ்வீட்டுல டியூஷன் சென்டர் இருந்துதில்ல, அவங்க காலி பண்ணி ஆறு மாசம் ஆச்சு. அங்க போயிட்டா போதும். வாசல்லயே காய்கறி வண்டி வரும், கூப்பிடற தூரத்துல நாசர் பாய் கடை. சுமதி இதே மாதிரி வரட்டும். நீ இதே மாதிரி போன் பண்ணு.”

இருபத்தேழு வருடமாக ஊரான் வீட்டுப் பாட்டிகளை எல்லாம் மாடிக்கு ஏற்றி இறக்குகிறவன் நான். என் அம்மா இரண்டு மாடி ஏறி இறங்குகிறார் என்பது வீடியோவில் ஒருநாளும் தெரியவில்லை.

“ஏம்மா சொல்லலை?” என்று சுமதி கேட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் அடையாறா, அவுட்டரான்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க. இடைல நான் எங்க பேசறது?”

பொட்டலத்தில் இருந்த கிளிப்பை எடுத்து, ஒட்டியிருந்த ரவையை ஊதிவிட்டு, டாக்டர் அன்று எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து அதில் மாட்டினார். கிளிப் எதற்கு என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அம்மா மறக்கவில்லை.

“இனிமே மாத்திரை மாத்தணும்னாலும், வீடு மாத்தணும்னாலும் முதல்ல இதை எங்கிட்ட கேட்டு வாங்கணும். அப்புறம் ரிமோட்டைத் தொடுங்க” என்றார்.

நான் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு அம்மா கீழ்வீட்டுக்கு மாறினார். சாமான் இறக்க நாசர் பாய் வந்தார். என் ரிமோட்டை அவரிடமே விட்டுவந்தேன், வேறு எண்ணுக்கு மாற்றி. ஃபிரிகேட்டும் அவர் அலமாரியில்தான் இருக்கிறது, மும்தாஜுக்குப் பக்கத்தில். கொடிமரத்தை அவர் ஊதுவத்திக் குச்சியில் செய்து ஒட்டியிருக்கிறார். நான் செய்ததைவிட நேராக இருக்கிறது.

8

சங்கத்தின் விதிப்படி கிளிப் ஆணியில் இல்லையென்றால் யாரோ ஓட்டிக்கொண்டிருப்பதாகத்தான் கருத வேண்டும். புதுக் கிளிப் செய்வதற்குத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். போன ஞாயிறு அதற்குத்தான் கூடினோம். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். என்னைத் தவிர 765-ஆம் எண்ணில் ஓட்டும் இன்னொருவர் பீட்டர், எண்பத்து மூன்று வயது. நான்கு மாதமாகத் தன் கப்பலைத் தண்ணீரில் விடாமல், ஞாயிறுதோறும் வந்து காலி ஆணியைப் பார்த்துவிட்டுப் போகிறவர். அவர்தான் எழுந்தார். தான் வேறு எண்ணுக்கு மாறிக்கொள்வதாகவும், புதுக் கிளிப் வேண்டாம் என்றும் சொன்னார். ‘765: பயன்பாட்டில் உள்ளது’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து என் இன்னொரு விண்ணப்பத்துக்கு வந்தார்கள். நான் இப்போது தூர்வாரும் கப்பல் ஒன்றைச் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். போர்க்கப்பல் சங்கத்தில் அதை அனுமதிக்கலாமா என்று முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. இன்னும் முடிவாகவில்லை. டிராஃப்ட் அளவெல்லாம் அம்மா சொன்னதுதான்.

இன்று காலை ஆறு மணிக்கு வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டேன். அம்மா கீழ்வீட்டு வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்தாயா, வெயிலில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய், அந்த நாற்காலியை உள்ளே தள்ளிப் போடு என்று நான் ஆரம்பித்தேன்.

அம்மா சேலைத் தலைப்பை நகர்த்தி, ரவிக்கைத் தோளில் மாட்டியிருந்த நீலக் கிளிப்பைக் காமிராவுக்கு நேராகக் காட்டினார்.

“கிளிப் எங்கிட்ட இருக்கு. நீ சும்மா பேசு.”